ஓப்பன் பேங்கிங் ஆலோசனைக் குழுவுக்கு எங்கள் சங்கத்தைக் கூப்பிடுகிறார்கள். போனால் பிரயோஜனம் உண்டா?

கீழமாசிவீதி_மண்டி:

வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம். நானும் அண்ணனும் சித்தப்பா மகனும் சேர்ந்த பார்ட்னர்ஷிப் கடை. வியாபாரிகள் சங்கம் ஒன்றில் இணைச் செயலாளர் பதவியும் இருக்கிறது. வேறு யாரும் எடுக்காததால் எனக்கு வந்தது.

போன வாரம் சங்கத்துக்கு ஒரு மெயில். நிதித் துறை கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பிடமிருந்து. நாம் ஒப்புதல் கொடுத்தால் நம் கணக்கு விவரத்தை வங்கியிடமிருந்து வாங்கிக் கடன் கம்பெனிக்குக் கொண்டுசேர்க்கிற இடைக் கம்பெனிக்கு அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்று பெயர், இப்படித் தரவைத் திறந்துவிடுவதைத்தான் ஓப்பன் பேங்கிங் என்கிறார்கள். அந்த விவகாரத்துக்கு ஆலோசனைக் குழு ஒன்று வைத்திருக்கிறார்களாம். வங்கிகள், கடன் கொடுக்கும் கம்பெனிகள், சாஃப்ட்வேர்காரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சிறு வியாபாரிகள் தரப்பில் ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், பெரும்பாலும் வீடியோவில். சங்கத் தலைவர் அண்ணாச்சி மெயிலை என் பக்கம் தள்ளிவிட்டு, "இந்த ஓடிபி சமாச்சாரமெல்லாம் நீதானப்பா பாக்குற, நீயே போயிட்டு வா" என்று முடித்துவிட்டார்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு, அதுவும் நல்ல அனுபவம் இல்லை. ஓடி (ஓவர்டிராஃப்ட்) லிமிட்டைக் கூட்டுவதற்காக ஒரு கடன் கம்பெனியிடம் விண்ணப்பித்தேன். ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எல்லாம் வேண்டாம், மொபைலில் ஒப்புதல் கொடுத்தால் போதும், வங்கியில் இருந்து நேராக வந்துவிடும் என்றார்கள். கொடுத்தேன். என் சொந்த சேமிப்புக் கணக்கு பட்டியலில் வந்தது. அதில் என்ன இருக்கும், கேஸ் சிலிண்டர் பணமும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும். வியாபாரம் முழுக்க ஓடுகிற கரண்ட் அக்கவுண்ட் வரவே இல்லை. திரும்பத் திரும்பத் தேடினாலும் அதே கதை. கடைசியில் அந்தக் கம்பெனி ஏஜென்ட் பையன் கடைக்கே வந்து, "சார், நெட்பேங்கிங் ஐடியும் பாஸ்வேர்டும் சொல்லுங்க, நானே எடுத்துக்கிறேன், ரெண்டு நிமிஷம்" என்கிறான். விரட்டிவிட்டேன். ஓடி லிமிட்டும் கூடவில்லை.

அதனால் கேட்கிறேன். இந்தக் குழுவுக்கெல்லாம் ஏதாவது அதிகாரம் உண்டா? சட்டம் போடுவது ரிசர்வ் வங்கி. நடுவில் இவர்கள் யார்? போட்டோவுக்கு ஒரு வியாபாரி வேண்டும் என்று கூப்பிடுகிறார்களா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி_செல்வா:

அண்ணே, குழுன்னாலே டீயும் பிஸ்கட்டும்தான். பெரிய வங்கிக்காரன் வச்சதுதான் சட்டம். நீங்க போய் உட்கார்ந்தா "வியாபாரிகளையும் கலந்து பேசித்தான் முடிவு செஞ்சோம்"னு நாளைக்கு எழுதிக்குவான். பேசாம கடையைப் பாருங்க.

திருநகர்_ரிடையர்டு:

செல்வா சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கடைசிச் சில வருடங்கள் தலைமை அலுவலகத்தில் டிஜிட்டல் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் குழுக் கூட்டங்களில் வங்கி சார்பில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது திருநகரில் வீடு, காலையில் வாக்கிங், மிச்ச நேரத்துக்கு இந்த மன்றம்.

முதலில் அதிகாரம். கிடையாது, ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. அக்கவுண்ட் அக்ரிகேட்டர்களுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பர் 2-ல் வெளியிட்டது. உரிமம் கொடுப்பது அவர்கள், பறிப்பதும் அவர்கள். தரவை எந்த வடிவத்தில் அனுப்புவது, எப்படிப் பூட்டுவது என்ற தொழில்நுட்ப விவரங்களை அவர்களுடைய ரீபிட் என்ற நிறுவனம் எழுதியது. அதற்கப்புறம்தான் தொழில் அமைப்புகள் வருகின்றன. சகமதி என்று லாபநோக்கில்லாத அமைப்பு ஒன்று இருக்கிறது, வங்கிகளும் கடன் கம்பெனிகளும் அக்ரிகேட்டர்களும் அதில் உறுப்பினர்கள். விதி வந்தது 2016-ல். வங்கிகள் நிஜமாகவே இதில் இறங்கியதாக அறிவித்தது 2021 செப்டம்பரில். நடுவில் 5 வருடம் போயிருக்கிறது, கவனியுங்கள். விதியைப் புத்தகத்தில் எழுதியதும் கவுண்டரில் வேலை நடந்துவிடாது.

ஏன் என்று உங்கள் விஷயத்தை வைத்தே சொல்கிறேன். ஒப்புதல் இல்லாமல் தரவு போகக் கூடாது என்பது விதி, அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் பார்ட்னர்ஷிப் கணக்குக்கு யார் ஒப்புதல் கொடுப்பது? மூன்று பங்குதாரர்களில் ஒருவர் போதுமா? செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று கணக்கு ஆரம்பித்தபோது எழுதிக் கொடுத்திருந்தால், மொபைலிலும் இரண்டு பேர் சரி சொல்ல வேண்டுமா? வங்கியில் பதிவான மொபைல் நம்பர் ஒன்றுதான், அதுவும் உங்கள் பழைய கணக்குப்பிள்ளையின் நம்பராக இருந்தால்? இப்படிப்பட்ட கேள்வி வந்தால் கிளையில் இருப்பவர் சட்டப் பிரிவுக்கு எழுதுவார். சட்டப் பிரிவு, தெளிவு கிடைக்கும்வரை இந்த வகைக் கணக்கை விட்டுவிடு என்று பதில் எழுதும். அந்தக் கடிதத்தை நானே டிராஃப்ட் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக இப்படி முடிவெடுத்தால் ஒன்றில் வரும் கணக்கு இன்னொன்றில் வராது. உங்கள் கணக்கு ஏன் வரவில்லை என்று இங்கிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் தேடவேண்டிய இடம் இதுதான்.

ஆலோசனைக் குழு உதவ வேண்டியதும் இங்கேதான். மும்பையில் விதி எழுதுகிறவருக்குக் கீழமாசி வீதியின் கரண்ட் அக்கவுண்ட் படிவம் எப்படி இருக்கும் என்று தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வங்கிக்குத் தெரியும், ஆனால் அது வாயைத் திறக்காது. திறந்தால் கூடுதல் வேலை தன் தலையில் விழும். கடன் கம்பெனிக்கும் தெரியும், அதற்குத் தன் வசதி முக்கியம். இவர்கள் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, "இந்த வகைக் கணக்குக்கு இன்னார் ஒப்புதல் போதும் என்று நாங்கள் ஒத்துக்கொள்கிறோம், நீங்கள் ஒரு வரி தெளிவு கொடுங்கள்" என்று ரிசர்வ் வங்கியிடம் போய் நின்றால் காரியம் நடக்க வாய்ப்பு உண்டு. தனித்தனியாகப் போனால் பத்து வங்கி பத்து விதமாகச் சொல்லும், கேட்கிறவரும் குழம்புவார்.

இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில் நிறையப் பேர் வாங்குகிற பக்கம் மட்டும் சேர்ந்துகொண்டார்கள். கடன் கொடுக்க அடுத்த வங்கியின் ஸ்டேட்மென்ட் வேண்டும், தன்னிடம் இருக்கும் தரவை மட்டும் கொடுக்க மாட்டேன். நான் போன கூட்டங்களில் பேசிப் பேசிச் சலித்த விஷயம் இது. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதியைத் திருத்தியது: தரவு வாங்க வருகிறவரிடம் தரவு இருந்தால், கொடுக்கிற பக்கமும் சேர்ந்தே ஆகவேண்டும். எங்கள் பேச்சால்தான் வந்தது என்று மார்தட்டமாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த மேஜையில் இருந்த யாரும் தாமாக இதைச் செய்திருக்க மாட்டார்கள், மேலே இருந்து உத்தரவு வந்த பிறகுதான் நடந்தது. குழுவால் முடிவது எதுவரை, முடியாதது எது என்று அன்றைக்கு விளங்கியது.

இலந்தைக்குளம்_டெவலப்பர்:

திருநகர் சார் சொன்னதோடு தொழில்நுட்பப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் எல்காட் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறேன், கடன் கம்பெனிகளை அக்ரிகேட்டரோடு இணைக்கிற கோடு எழுதுவதுதான் வேலை.

மண்டி அண்ணா, நீங்கள் ஒப்புதல் கொடுக்கும்போது "சரி" என்று ஒரு பட்டனைத்தான் அமுக்குகிறீர்கள். பின்னால் ஒரு படிவமே இருக்கிறது. யாருக்குத் தரவு, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதிவரையான தரவு, ஒரே தடவையா திரும்பத் திரும்பவா, வாங்கியதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், இந்த ஒப்புதல் எப்போது காலாவதி, எந்த நோக்கத்துக்கு. நோக்கத்துக்கு 101 முதல் 105 வரை எண்கள் உண்டு. ஒரே ஒரு தடவை பார்ப்பதற்கு 105, கணக்கைத் தொடர்ந்து கண்காணிக்க 104. ஸ்டேட்மென்ட்டுக்குள் இருப்பதை அக்ரிகேட்டரால் படிக்க முடியாது, பூட்டிய பெட்டி அப்படியே இந்தப் பக்கம் வரும். அந்த விஷயத்தில் டிசைன் நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கட்டங்களில் என்ன எண்ணைப் போடுவது என்பதில். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்குத்தான் ஒப்புதல் என்கிறது. நல்ல வாக்கியம். ஆனால் அதை வைத்து நான் கோடு எழுத முடியாது. ஓடி லிமிட்டுக்கு எத்தனை மாத ஸ்டேட்மென்ட் "தேவை"? ஆறா, பன்னிரண்டா, இருபத்துநாலா? எங்கள் பிராடக்ட் மேனேஜரைக் கேட்டால், "எவ்வளவு அதிகமா வாங்க முடியுமோ அவ்வளவு போடு, பின்னாடி உதவும்" என்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் வேலை அது.

இந்த இடத்தில்தான் தொழில் தரப்பே உட்கார்ந்து ஓர் அளவு வைத்தது. சகமதியில் நியாயமான பயன்பாட்டு மாதிரிகள் என்று வைத்திருக்கிறார்கள். இந்த நோக்கத்துக்கு இந்த எண், இவ்வளவு காலத் தரவு, இத்தனை தடவை, இதற்கு மேல் கேட்டால் வரம்பு மீறல் என்று ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் எழுதிய அட்டவணை. அதை நீட்டிக் காட்டித்தான் ஒரு மீட்டிங்கில் இரண்டு வருடத் தினசரிக் கண்காணிப்பை ஒரு தடவை வாங்குவதாக நான் இறக்கினேன். "ரிசர்வ் வங்கி கேட்கும்" என்றால் மேனேஜர் "எங்க எழுதியிருக்கு?" என்பார். அட்டவணையைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடுகிறது.

அதனால் அண்ணா, கண்டிப்பாகப் போங்கள். அந்த அட்டவணையை உங்களைப் போன்ற ஒருவர் கடன் வாங்குகிறவர் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதான் என் சந்தேகம். சீசன் வியாபாரத்துக்கு எத்தனை மாதம் பார்த்தால் போதும் என்று எங்களுக்கு என்ன தெரியும்?

கீழமாசிவீதி_மண்டி:

ரொம்ப நன்றி சார், நன்றிம்மா. சீசன் விஷயம் நீங்கள் சொன்னதும்தான் உறைத்தது. வத்தலுக்கு வரத்து தை, மாசியில் ஆரம்பித்துப் பங்குனி, சித்திரையில் உச்சம். அப்போது கணக்கில் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும், சரக்கு கிட்டங்கியில் ஏறும். பிறகு ஆடி, ஆவணி, புரட்டாசி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்க்கிற ஆளுக்கு, எந்த ஆறு மாதம் என்பதைப் பொறுத்து நான் ஒன்று திவால் ஆகப்போகிறவன், இல்லாவிட்டால் கோடீஸ்வரன். எனக்கு முழு வருடம் பார்க்க வேண்டும். அதே சமயம் தெரு முனையில் டிபன் கடை வைத்திருப்பவருக்கு மூன்று மாதமே தாராளம்.

ஆனால் செல்வா தம்பி கேட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது. குழுவை நடத்துவதே அந்தக் கம்பெனிகள். செலவும் அவர்கள் காசு. நான் ஒருத்தன் பேசி என்ன ஆகும்? வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

வாடிப்பட்டி_செல்வா:

அதான் கேட்டேன். கோழிப்பண்ணைக்குக் காவல் போட நரிகளோட சங்கத்துக்கிட்ட ஆலோசனை கேட்ட மாதிரி இருக்கு.

திருநகர்_ரிடையர்டு:

நரிகளைக் கேட்காமல் எழுதினாலும் வேலி நிற்காது தம்பி, ஓட்டை எங்கே என்று அவர்களுக்குத்தானே தெரியும். நரி மட்டும் உட்கார்ந்திருக்கிற கூட்டமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுக் கதை மூன்று சொல்கிறேன், மூன்றும் மூன்று மாதிரி.

பிரிட்டனில் போட்டி ஆணையம் வங்கித் துறையை விசாரித்து, 9 பெரிய வங்கிகள் வாடிக்கையாளர் தரவைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2018 ஜனவரியில் ஆரம்பம். வேலையைச் செய்ய ஓர் அமலாக்க அமைப்பை வைத்தார்கள், செலவு முழுக்க அந்த 9 வங்கிகள் தலையில். வேலை நடந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2021-ல் அந்த அமைப்புக்குள்ளேயே நிர்வாகக் குளறுபடி, ஊழியர்களை மிரட்டுவது என்று புகார்கள் வந்து தனி விசாரணை நடந்தது. பொறுப்பில் இருந்தவர் விலகவேண்டி வந்தது. பிறகு கட்டுப்பாட்டு அமைப்புகளே சேர்ந்து ஒரு கூட்டுக் குழு போட்டு, அடுத்து என்ன என்று தொழில்துறை நிபுணர்களிடம் அறிக்கை வாங்கி, 2023-ல் திட்டத்தை வெளியிட்டார்கள். ஆலோசனை சொல்வது அவர்கள், முடிவெடுப்பது இவர்கள் என்று கோடு போட்டுக்கொண்டார்கள்.

கனடாவில் 2018-ல் 4 பேர் கொண்ட ஆலோசனைக் குழு. 2021-ல் அறிக்கை வந்தது, படித்தால் அருமையாக இருக்கும். 2023 ஜனவரிக்குள் முதல் கட்டம் தொடங்கவேண்டும் என்று அதில் தேதியே போட்டிருந்தார்கள். அந்தத் தேதி வந்தது, போனது. அதற்கான சட்டமே 2024-ல்தான் நிறைவேறியது. குழு எவ்வளவு நன்றாக எழுதினாலும், எடுத்துச் செய்ய மேலே ஆள் இல்லாவிட்டால் இதுதான் கதி.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியா. அங்கே 2020 ஜூலையில் பெரிய வங்கிகள் தரவு கொடுக்கத் தொடங்கின. தரவு வடிவத்தை வகுக்க ஓர் அதிகாரி, அவருக்கு ஆலோசனைக் குழு. அந்தக் குழுவில் நுகர்வோர் சார்பில் ஒருவராவது, அந்தரங்க உரிமை சார்பில் ஒருவராவது இருந்தே தீரவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. கருணை நாற்காலி கிடையாது. கூட்டக் குறிப்புகள் இணையத்தில் இருக்கும், வரைவுகளை கிட்ஹப் என்ற பொது இணையதளத்தில் வெளிப்படையாகப் போட்டு யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். வங்கிக்காரர் எழுதினாலும் அவர் பெயரோடு தெரியும். நம் ஊரில் இதில் பாதி வந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன், இருள் மட்டும் இல்லை. டிஜிட்டல் கடன் ஆப்கள் ஆட்டம் போட்டபோது ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு பணிக்குழு போட்டது, வெளியாட்கள் 2 பேரையும் சேர்த்து. அதே வருடம் நவம்பரில் அறிக்கை, பொதுமக்கள் கருத்து, 2022 செப்டம்பரில் விதி. கடன் பணம் நேராகக் கடன் வாங்குகிறவர் கணக்கில்தான் விழவேண்டும், நடுவில் எந்த ஆப்காரன் கைக்கும் போகக் கூடாது என்பது அப்படி வந்ததுதான். 2025 மே மாதம் இன்னொன்று செய்தார்கள்: புதிய விதி எதையும் வரைவாக வெளியிட்டுக் குறைந்தது 21 நாள் கருத்துக் கேட்கவேண்டும் என்று தங்களுக்கே ஒரு நடைமுறை. அதே வருடம் அக்டோபரில் விதிகளை முறைவைத்து மறுஆய்வு செய்ய ஒரு பிரிவும், அதற்கு யோசனை சொல்ல வெளி நிபுணர்கள் கொண்ட ஆலோசனைக் குழுவும் வந்தன. தலைமை ஸ்டேட் வங்கியின் நிர்வாக இயக்குநர்களில் ஒருவர். அக்ரிகேட்டர் துறைக்கென்றே சுயகட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றை அங்கீகரிக்கவும் 2025-ல் வழிமுறை வெளியாகியிருக்கிறது.

21 நாள் என்பது யாருக்குப் போதும் யோசியுங்கள். வங்கிக்கு இதற்கென்றே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும். உங்கள் சங்கத்தில் மெயிலைத் திறப்பதற்கே ஒரு வாரம் ஆகும், கோபிக்கவேண்டாம். அண்ணாச்சி அதை உங்களிடம் தள்ளும்போது பாதி நாள் போயிருக்கும். குழுவில் ஒரு நாற்காலி இருந்தால் என்ன வரப்போகிறது என்பது வரைவுக்கு முன்னாலேயே காதில் விழும். இதை மட்டும் வைத்தே நான் போகச் சொல்வேன்.

ஒப்புக்கொள்ளும் முன் மூன்று கேள்வி எழுதிக் கேளுங்கள். கூட்டக் குறிப்பு பொதுவில் வருமா? உங்கள் மாறுபட்ட கருத்து பெயரோடு பதிவாகுமா? ஒவ்வொரு பொருளிலும் யாருக்கு என்ன லாபம் என்று உறுப்பினர்கள் முன்கூட்டிச் சொல்வார்களா? இரண்டாவதற்கு முடியாது என்றால் செல்வா சொன்னபடி கடையைப் பாருங்கள்.

உசிலம்பட்டி_ராணி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் உசிலம்பட்டிப் பக்கம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மண்டிக்காரர் சொன்ன அதே பிரச்சினை எங்களுக்கும் உண்டு, இன்னும் மோசமாக.

குழுக் கணக்கை ஒரு ஆள் இயக்க முடியாது. ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம். ரொம்ப வருடமாக அப்படித்தான், அதனால்தான் சண்டை இல்லாமல் ஓடுகிறது. ஆனால் வங்கியில் பதிவானது ஒரே ஒரு மொபைல் நம்பர். சில குழுக்களில் அது ஊக்குநருடைய மகனின் நம்பர், பையன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். நாளைக்கு இந்த மொபைல் ஒப்புதல் எங்கள் கணக்குக்கும் வந்தால், ஓடிபி திருப்பூருக்குப் போகும், இங்கே இருக்கிற மற்ற பெண்கள் யாருக்கும் தெரியாமல் குழுவின் வரவு செலவு எங்கேயோ போய்விடும். வராமலே இருந்தால் சீக்கிரம் கடன் கிடைக்கிற வசதி எங்களுக்கு இல்லாமல் போகும். இரண்டும் வேண்டாம். இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஓடிபி வந்து இரண்டு பேரும் சரி சொன்னால்தான் போகவேண்டும். இதைச் சொல்ல எங்களுக்கு எந்தக் கூட்டத்திலும் இடமில்லை. நீங்கள் போனால் எங்களுக்கும் சேர்த்துச் சொல்லுவீர்களா சார்?

இலந்தைக்குளம்_டெவலப்பர்:

ராணியக்கா, இரண்டு பேர் ஒப்புதல் என்பது கோடு எழுத முடியாத விஷயம் இல்லை. கம்பெனிகளுடைய நெட்பேங்கிங்கில் ஒருவர் போட்டு இன்னொருவர் அனுமதிப்பது எப்போதோ வந்துவிட்டது. இங்கே அதை எல்லோரும் ஒரே மாதிரி செய்யவேண்டும் என்று யாராவது வடிவத்தில் எழுதவேண்டும், அவ்வளவுதான். எழுதாதவரை எந்த வங்கியும் தனியாகச் செலவு செய்து செய்யாது.

கீழமாசிவீதி_மண்டி:

கண்டிப்பாகச் சொல்கிறேன்மா. உங்கள் விஷயத்தை என் விஷயத்துக்கு முன்னால் வைக்கிறேன், அதுதான் எடுபடும் என்று தோன்றுகிறது.

போவது என்று முடிவு செய்துவிட்டேன். முதல் கூட்டத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தில் கருத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி கடை அடைத்த பிறகு உட்கார்ந்து எழுதியது இது. திருநகர் சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பகுதிச் சிறு வியாபாரிகள் மற்றும் மகளிர் குழுக்களின் கூட்டுக் கணக்குகள் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில் சரிவர இணைக்கப்படாததால் பெரும் சிரமத்துக்கு உள்ளாகி வருகிறோம். எனவே தாங்கள் இதில் தலையிட்டு உரிய நடவடிக்கை எடுத்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

திருநகர்_ரிடையர்டு:

கலெக்டர் ஆபீஸ் மனு நாள் மனு மாதிரி இருக்கிறது. இதைப் படிக்கிற ஆளுக்கு என்ன செய்யவேண்டும் என்றே தெரியாது. "கருத்தில் கொள்ளப்பட்டது" என்று குறிப்பில் ஒரு வரி எழுதி அடுத்த பொருளுக்குப் போவார்கள். நானே அப்படி எழுதியிருக்கிறேன், யாருடையது என்று கேட்காதீர்கள்.

இப்படி மாற்றுங்கள்:

"கணக்கு வகை: பங்குதாரர் நிறுவனத்தின் நடப்புக் கணக்கு. இயக்கும் முறை: பங்குதாரர்களில் இருவர் சேர்ந்து. என்ன நடந்தது: பதிவான மொபைல் எண்ணில் தேடியபோது கணக்கு பட்டியலில் வரவில்லை, காரணம் எதுவும் திரையில் காட்டப்படவில்லை. விளைவு: கடன் நிறுவனத்தின் முகவர் நெட்பேங்கிங் கடவுச்சொல்லைக் கேட்டார். இரண்டாவது வகை: மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கு, இருவர் சேர்ந்து இயக்குவது, பதிவான எண் ஒன்று.

நாங்கள் கேட்பது: ஒவ்வொரு வங்கியும் எந்தக் கணக்கு வகையை, எந்த இயக்கும் முறையோடு, இப்போது இந்த முறையில் தருகிறது என்ற பட்டியலை வெளியிட வேண்டும். கணக்கு வராதபோது காரணம் திரையில் வரவேண்டும். இருவர் ஒப்புதலுக்கான பொது வடிவம் ஒன்றைக் குழு தயாரித்து, தெளிவுரை வேண்டி ரிசர்வ் வங்கிக்கு அனுப்ப வேண்டும். பருவ வியாபாரத்துக்கான கடனில் 12 மாதத் தரவு ஒரு முறை மட்டும், தொடர் கண்காணிப்பு கூடாது என்பதை மாதிரி அட்டவணையில் சேர்க்க வேண்டும்."

கீழே தேதி, கையெழுத்து, சங்க முத்திரை. வங்கியின் பெயரும் கடன் கம்பெனியின் பெயரும் இதில் வேண்டாம். பெயர் போட்டால் அந்த வங்கி ஆள் கூட்டம் முழுக்கத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே இருப்பார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கேட்டால் தனியாகக் கொடுங்கள்.

பட்டியல் வெளியிடச் சொல்வதை முதல் வரிசையில் வையுங்கள். அதற்குப் புது விதி வேண்டாம், மென்பொருள் மாற்றமும் வேண்டாம். மறுக்கிறவர் காரணம் சொல்லியாக வேண்டும். அப்புறம், ஜிஎஸ்டி நெட்வொர்க்கும் 2022 நவம்பரில் தரவு கொடுக்கிற பக்கம் சேர்க்கப்பட்டது. உங்கள் கடை ரிட்டர்ன் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? இருந்தால், வங்கிக் கணக்கு வராத இடத்தில் ஜிஎஸ்டி தரவை வைத்து மதிப்பிடலாமே என்றும் ஒரு கேள்வி போடலாம்.

வாடிப்பட்டி_செல்வா:

சார், இது நல்லாருக்கு. அண்ணே, அந்த பாஸ்வேர்டு கேட்ட பையன் விஷயத்தைக் கூட்டத்துல வாயாலயும் சொல்லுங்க. எழுதினதைப் படிக்காத ஆளும் அதைக் கேப்பான்.

கீழமாசிவீதி_மண்டி:

சரி சார், அப்படியே எடுத்துக்கொண்டேன். ரிட்டர்ன் எல்லாம் ஆடிட்டர் ஒழுங்காகப் போட்டிருக்கிறார், அந்தக் கேள்வியையும் சேர்த்துவிட்டேன். அந்த மூன்று கேள்விகளையும் தனி மெயிலாக இன்று மதியம் அனுப்பியாகிவிட்டது, அண்ணாச்சிக்கும் ஒரு நகல். பதில் வந்ததும் இதே திரியில் போடுகிறேன்.

ராணிம்மா, உங்கள் குழுக்களில் எத்தனை குழுவுக்கு மொபைல் நம்பர் வேறு ஆளுடையதாக இருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். குழுப் பெயர், கணக்கு எண் எதுவும் இங்கே போடவேண்டாம்.

உசிலம்பட்டி_ராணி:

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் இருக்கிறது சார். எல்லோருடைய பாஸ்புக்கையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.